நாச்சியார்கோயிலுக்கு வந்த மாணவர்

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் நாச்சியார்கோயில் என்னும் ஊர் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பெயர்பெற்ற ஊர் அது. கூத்தாநல்லூரிலிருந்து கும்பகோணத்துக்குப் போய்வரும் நம்மவர் பலர் அவ்வூரைப் பேருந்தின் சன்னல் வழியே பலமுறை கண்டிருப்பர். ஆயின், அவ்வூரோடு நம் சமுதாயத்துக்கு உள்ள ஓர் உறவை அறிந்தவர் மிகச் சிலரே. அங்கே ராஜம், துரைக்கண்ணு என்று நாதஸ்வர வித்துவான்களான சகோதரர் இருவர் வாழ்ந்தனர். தஞ்சை மரபில் தோய்ந்த கலைஞர்கள் அவர்கள். அவர்களிடம் பாடம் கேட்பதற்காக ஆந்திரத்தின் கரவதி என்னும் சிற்றூரிலிருந்து ஒரு முஸ்லிம் கலைஞர் வந்தார். பிற்காலத்தில் சங்கீத கலாநிதி என்று சென்னை மியூசிக் அகாதெமியால் போற்றப்பட்ட ஷேக் சின்ன மௌலானா சாகிப்தான் அவர்.

கலையைத் தனியாக ஓர் ஆசானிடம் கற்க விரும்புவோனுக்கும், அதைக் கற்பிக்க வல்லவருக்கும் இடையே எத்தனை சுவர்கள் நிற்கின்றன என்பதை அறிய இவர் வரலாறு நல்லதொரு சான்று. மார்க்கம் ஒரு சுவர், குலம் ஒரு சுவர். மொழியும் பொருளும் வேறு இரண்டு. இவை எல்லாவற்றையும்விட உயரமானது, "நமக்கு இது எதற்கு?" என்று வீட்டுக்குள்ளேயே எழும் கேள்வி. இச்சுவர்களைச் சிலர் எப்படிக் கடந்தனர் என்பதையே இக்கட்டுரையில் காண முயல்கிறேன்.

சின்ன மௌலானாவுக்கு முன்னரே நம் தமிழ் வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவர் தமிழ் கற்றது எட்டயபுரம் அவைப்புலவரான கடிகைமுத்துப் புலவரிடத்தில். மார்க்கம் வேறாயிருந்தும் ஆசான் தம் கல்வியை மறைக்கவில்லை. மாணவரும் அவர் திண்ணையில் அமர நாணவில்லை. சுவாரசியம் என்னவெனில், உமறுப் புலவருக்குத் தடை வந்தது அந்தத் திண்ணையிலன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாகப் பாட வேண்டும் என்று வள்ளல் சீதக்காதி விரும்ப, அதற்கான அரபு நூற் செய்திகளைக் கேட்டறியக் கீழக்கரை மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் புலவர் சென்றார். புலவரின் அவைக்கோலத்தைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் பாடம் சொல்ல மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. பின்னர் மனம் இரங்கி, பரங்கிப்பேட்டையிலிருந்த தம்மைச் சேர்ந்த ஆலிம் ஒருவரிடம் அனுப்பி, உரைநடையில் செய்திகளைப் பெற வழி செய்தார்கள் என்றும் கூறுவர். அந்தக் கதவு மூடியே இருந்திருப்பின் இன்று நமக்குச் சீறாப்புராணம் இல்லை. கோலத்தைக் கண்டு வந்த தயக்கமும், தயக்கத்துக்குப் பின் வந்த இரக்கமும் இரண்டுமே நம் மரபில் உள்ளவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஷேக் சின்ன மௌலானா 1924-ஆம் ஆண்டு மே மாதம் ஒங்கோலுக்கு அருகில் உள்ள கரவதியில் பிறந்தார். அவ்வட்டாரத்தில், குறிப்பாகச் சிலகலூரிப்பேட்டைப் பக்கத்தில், முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நாதஸ்வரம் வாசித்து வந்திருக்கின்றன. கோயில் விழாக்களுக்கும் ஊர்த் திருமணங்களுக்கும் அவர்களே மேளக்காரர்கள். சின்ன மௌலானாவின் குடும்பமும் அத்தகையதே. தந்தையார் காசிம் சாகிப்பிடம் முதற்பாடம். அடுத்துச் சிலகலூரிப்பேட்டை ஷேக் ஆதம் சாகிப்பிடம் பயிற்சி. ஆகவே கருவியைக் கையில் எடுக்க அவருக்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. பரம்பரைச் சொத்தாகவே அது கைக்கு வந்துவிட்டது. பரம்பரையில் வந்தது அவருக்குப் போதவில்லை என்பதே இவ்வரலாற்றின் தொடக்கம்.

அந்நாளில் நாதஸ்வரம் என்றாலே திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) அவர்களின் பெயரைத்தான் எவரும் சொல்வர். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது தில்லி விழாவில் மங்கல இசை வாசித்தவர் அவர். ராகத்தை மணிக்கணக்காக விரித்து, மனிதக் குரல் பாடுவது போலவே குழலை இழையவைத்த அவரது வாசிப்பில் சின்ன மௌலானா உள்ளம் பறிகொடுத்தார். அவ்வாசிப்பு வெறும் தனிமனிதத் திறமையால் பிறந்ததன்று, அதன் பின்னே தஞ்சை பாணி என்றொரு முறை இருக்கிறது, அம்முறையைத் தஞ்சை மண்ணிலேதான் கற்க முடியும் என்று அவர் தெளிந்தார். விரல் வேகத்தில் தேர்ந்த ஒரு கலைஞர், வளர்ந்து பெயர் எடுக்கத் தொடங்கிய பிறகு, மீண்டும் மாணவராக அமரத் துணிவது எளிதான செயலா? கற்றறிந்தவன் கற்காதவனாகத் திரும்பி உட்காருவதே முதல் தடை என்பேன். அரபுக் கல்லூரியில் ஓதி முடித்துத் தலைப்பாகை கட்டிய பிறகு, ஓர் எழுத்தின் மக்ரஜ் சரியில்லை என்று காரி ஒருவரிடம் போய் மறுபடியும் 'அலிஃப், பா' தொடங்கியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என இருவகை உண்டு. திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது, ஓசை கனிந்தது. ராஜரத்தினம் பிள்ளையின் விருப்பத்திற்கிணங்கப் பாரி நாதஸ்வரத்தைச் செம்மைசெய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் நின்று பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரத்தில் அதைக் கடைவார்கள். அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாயில் வைக்கும் சீவாளியோ ஒருவகை நாணலில் செய்யப்படுவது. இப்படி மரம், நாணல், கடைசல், பாடம் யாவும் காவிரி பாயும் ஒரே நிலப்பரப்புக்குள் அடங்கியிருந்தன. வெளியூரான் ஒருவன் இதைக் கற்க வேண்டுமானால் இங்கே வந்தே தீரவேண்டும்.

வந்தால் கற்பிப்பார்களா? தஞ்சை நாட்டில் இக்கலை இசை வேளாளர் குடும்பங்களின் கையில் இருந்தது. மாமன் மருமகனுக்கும் தந்தை மகனுக்கும் சொல்லிக்கொடுப்பர். பிறனுக்குச் சொல்வது அரிது. இதைக் குற்றமாகக் கூறுவது எளிது. ஆயினும் அவர்கள் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோயிலில் ஒரு மேளக்காரரின் இடம் அவர் வாசிப்பால் வந்தது. அவ்வாசிப்பே குடும்பத்தின் நிலமும் நெல்லும். அதை வெளியாருக்குக் கொடுப்பது பிள்ளையின் சோற்றைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அதுவும் மதிப்போடு கிடைத்த சோறன்று. செல்வர் வீட்டு ஊர்வலத்தில் சட்டையின்றி, நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்கவேண்டும் என்பது வழக்கமாயிருந்தது. சுயமரியாதை இயக்க நாட்களில், செட்டிநாட்டுத் திருமணம் ஒன்றில் தோள்துண்டை எடுத்துவிட்டு வாசிக்கும்படி மதுரை சிவக்கொழுந்து என்னும் வித்துவானை வற்புறுத்த, பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கிட்டுத் தடுத்த நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டது. ராஜரத்தினம் பிள்ளை சட்டை அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்ததும் இதே போராட்டத்தின் இன்னொரு பக்கமே. அவமதிப்பைத் தாங்கிக் காத்த செல்வத்தை அவர்கள் எளிதில் அந்நியருக்குத் தர மாட்டார்கள் என்பதில் வியப்பில்லை.

இத்தனைக்கும் நடுவே, தாய்மொழி தெலுங்காக உள்ள, மார்க்கத்தால் முஸ்லிமான ஒருவரை நாச்சியார்கோயில் சகோதரர்கள் மாணவராக ஏற்றுக்கொண்டார்கள். இதில் இருசாராரின் பெருமையும் சமம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்கத் துணிந்தவரைப் புகழ்ந்து எழுதுகிறோம். கொடுக்கத் துணிந்தவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ராஜம், துரைக்கண்ணு என்னும் அவ்விரு பெயர்களும் சின்ன மௌலானாவின் வாழ்க்கைக் குறிப்புக்குள் மட்டும் அடங்கிவிடத் தக்கவை அல்ல.

நாதஸ்வரப் பாடம் நடைபெறும் முறை நம் மக்தபுப் பாடத்தைப் பெரிதும் ஒத்தது. முதலில் வாய்ப்பாட்டு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் எனப் படிப்படியாகக் குரலால் பாடிப் பழகிய பிறகே அதைக் குழலில் ஏற்றுவர். குழலில் ஏழு விரல்துளைகளே உண்டு. ஆனால் ஒரு துளையிலிருந்தே உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் நுட்பமான சுரபேதங்களை வரவழைக்க வேண்டும். நாக்கால் தட்டி வாசிப்பது துத்துகாரம். மூச்சை இழையவிட்டுக் குரல்போல வாசிப்பது அகாரம். இவற்றை ஏட்டில் எழுதிக் கொடுக்க இயலாது. ஆசான் ஒரு முறை வாசிப்பார், மாணவர் திருப்பி வாசிப்பார், ஆசான் தலையசைப்பார் அல்லது மீண்டும் வாசிப்பார். குர்ஆனை உஸ்தாதின் வாய் பார்த்து ஓதிப் பெறுவதை நாம் 'முஷாஃபஹா' என்கிறோம். வடநாட்டு இசை உஸ்தாதுகள் இதையே 'சீனா பசீனா', அதாவது நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு, என்பர். பேர் வேறு, பாதை ஒன்று.

இனி, நம் இல்லங்களில் எழும் கேள்விக்கு வருவோம். மார்க்கம் இதை அனுமதிக்கிறதா? இக்கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு இத்தகைய வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில் ஸமாஃ எனப்படும் இசை கேட்டலுக்கென்றே ஒரு தனிக் கிதாபை ஒதுக்கியுள்ளார்கள். இனிய ஓசையைக் கேட்பது அடிப்படையில் ஆகுமானதே, வேறு காரணங்கள் வந்து சேரும்போது அது விலக்கப்படுகிறது என்பது அவர்கள் முடிவு. பாடுவோர், கருவி, பாடற்பொருள், கேட்போன் உள்ளம், அதையே தொழிலாக்கிப் பொழுதைக் கழித்தல் என ஐந்து வகையில் அக்காரணங்களைப் பிரிக்கிறார்கள். கருவிகளுள் குடிகாரர்களின் அடையாளமாக விளங்கிய நரம்புக் கருவிகளையும் குழல்களையும் அவர்கள் விலக்குகிறார்கள். தப்பு, முரசு, ஷாஹீன் என்னும் குழல் போன்றவற்றை அனுமதிக்கிறார்கள்.

ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூலான 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஓதியவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். 'யராஃ' எனப்படும் நாணற்குழலைப் பற்றிய இடத்தில் இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து அனுமதியின் பக்கம் நிற்கிறது. அதைச் சுருக்கி எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, விலக்கு என்பதே மிகச் சரியானது எனத் தம் கருத்தை அங்கேயே வேறுபடுத்திச் சொல்கிறார்கள். ஒரே பக்கத்தில், ஒரு நாணற்குழலைக் குறித்து, இரு பேரிமாம்கள் பிரிந்து நிற்கிறார்கள்! நான் ஃபத்வா சொல்ல இங்கு அமரவில்லை. அது முஃப்திகளின் பணி. ஆனால் "நம் மார்க்கத்தில் இதுபற்றிப் பேச்சே இல்லை" என்று பிள்ளையின் வாயை அடைப்போர், ஓதாத கிதாபைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பேச்சு உண்டு, ஆயிரம் ஆண்டுகளாக உண்டு.

கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் இக்கேள்வி எழும் விதமே தனி. 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர் எடுத்த ஊர் அது. பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சைகோனிலும் கடை வைத்திருந்த சபுராளிகள் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடி வீடுகள் அங்குத் தெருத்தெருவாக உண்டு. வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் இருப்பர். பிள்ளை எதைப் படிப்பது என்ற முடிவு அத்தாவின் கடிதத்தில் வரவேண்டும். கப்பலேறிச் சென்ற கடிதத்துக்கு மறுகடிதம் வருவதற்குள் பிள்ளையின் ஆசை பாதி ஆறிவிடும். பணம் இல்லாததால் நின்ற கல்வி பிற ஊர்களில் உண்டு. பணம் இருந்தும், 'சரி' என்று சொல்ல ஆள் அருகில் இல்லாமையால் நின்ற கல்வி சபுராளி ஊர்களில்தான் மிகுதி. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது கடைகளை விட்டு நடந்தே வந்து சேர்ந்தோரும், பின்னர் 1960-களில் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது வெறுங்கையோடு திரும்பியோரும், பிள்ளைகளைக் கணக்கெழுதப் பழக்குவதையே முதற்கடனாக எண்ணியதில் பிழை சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூத்தன் என்னும் சொல்லுக்கு ஆடுபவன் என்று பொருள். கூத்தைத் தன் பேரிலேயே சுமந்து நிற்கிறது அவ்வூர். அருகில் உள்ள நீடாமங்கலமோ தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894-1949) பிறந்த மண். கிழக்கே திருவாரூர், சங்கீத மூவர் மூவரும் பிறந்த ஊர். திசைதோறும் ஆசான்கள் இருந்தார்கள். பாடம் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

நம் முன்னோர் கலைப்பாடத்தை அறியாதவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. கி.பி. 822-இல் கிழக்கிலிருந்து குர்துபா வந்து சேர்ந்த ஸிர்யாப், அங்கே இசை கற்பிக்க ஒரு பள்ளியே நடத்தினார். புதிய மாணவனை மெத்தையில் அமர்த்தி உரக்கக் குரல் கொடுக்கச் சொல்வாராம். குரல் மெலிந்திருந்தால் தலைப்பாகைத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிப் பாடச் சொல்வார். வாய் நன்கு திறவாதவனுக்கு மூன்று விரற்கடை அளவுள்ள மரத்துண்டை வாயில் வைத்துப் பல இரவுகள் பழக்குவார். குறையோடு வந்தவனைத் திருப்பி அனுப்பாமல் குறைக்கு மருந்து கண்ட ஆசான் அவர்!

எழுத்தணிக் கலையோ முழுக்க முழுக்கத் தனிப்பாடத்தாலேயே வளர்ந்தது. ஆசான் ஒரு வரி எழுதித் தருவார், மாணவன் அதைப் பார்த்து எழுதி வருவான், பிழைகளை ஆசான் திருத்துவார். இதற்கு 'மஷ்க்' என்று பெயர். தேறியவனுக்கு இஜாஸா வழங்கப்படும். அதன் பிறகே தன் எழுத்தின் அடியில் தன் பெயரை இடும் உரிமை அவனுக்கு வரும். கி.பி. 1258-இல் ஹுலாகுவின் படை பாக்தாதைச் சூறையாடிய நாளில், யாகூத் அல் முஸ்தஃஸிமீ ஒரு மினாராவின் மேலே ஒளிந்துகொண்டு, தாள் இல்லாமையால் துணியில் எழுதிப் பழகினார் என்று கூறுவர். அவர் கையெழுத்துக்கு மூலமான பாட வழியில் ஒரு பெண்மணியின் பெயரும் வருகிறது. கி.பி. 1178-இல் மறைந்த ஷுஹ்தா அல் காதிபா என்னும் பாக்தாத் அம்மையார் ஹதீஸ் கலையிலும் எழுத்தணியிலும் ஆசிரியை. பெரிய பெரிய ஆலிம்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். பெண்பிள்ளைக்கு ஓவியமும் எழுத்தும் கற்பிக்க ஆசிரியை எங்கே கிடைப்பார் என்று கைவிரிக்கும் பெற்றோர், எட்டரை நூற்றாண்டுக்கு முந்திய பாக்தாதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆசானின் கதவைத் தட்டியவர்களின் கதைகள் வடநாட்டில் இன்னும் கடுமையானவை. வங்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அலாவுத்தீன் கான் இளமையிலேயே இசைக்காக வீட்டை விட்டு ஓடியவர். ராம்பூரில் உஸ்தாத் வஸீர் கானிடம் சேர வழியின்றி, அவ்வூர் நவாபின் வண்டிக்கு முன் விழுந்து தம் வேண்டுகோளைத் தெரிவித்தார் என்பர். சேர்த்துக்கொண்ட பின்னும் நெடுநாள் பாடம் கிடைக்கவில்லை. பின்னாளில் மைஹரில் அமர்ந்து, தம் மகன் அலி அக்பருக்கும் மகள் அன்னபூர்ணாவுக்கும் கற்பித்ததைப் போலவே ரவி சங்கருக்கும் அவர் கற்பித்தார். கிரானா மரபின் அப்துல் கரீம் கான் சாகிப் (1872-1937), குடும்பத்துக்குள் அடங்கிக் கிடந்த பாடத்தைப் பள்ளி வைத்துப் பிறருக்குத் திறந்துவிட்டவர்களுள் ஒருவர். கர்நாடக இசையையும் விரும்பிக் கற்று, தியாகையரின் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பதிவு செய்தவர். புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, நம் செங்கற்பட்டுக்கு அருகில் உள்ள சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே உயிர் நீத்தார்.

தஞ்சையிலும் இதற்கு இணை உண்டு. சித்த மருத்துவரும் கிறித்தவருமான ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) இளமையில் திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் இசை கற்றார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். நாகூரிலோ, தர்கா வித்துவானாக விளங்கிய எஸ். எம். ஏ. காதர் அவர்கள் உஸ்தாத் தாவூத் மியானிடம் முறையாகப் பாடம் கேட்டவர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டித்தந்த 131 அடி மினாரா நிற்கும் அத்தலத்தில் நாதஸ்வரம் ஒலிப்பது புதிதன்று. இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா (1925-2015) முறையாக எவரிடமும் கற்காமலே புகழ் எய்தினார். அது இறைவன் அளித்த குரல். அதைக் காட்டி, "ஹனீபா எந்த வாத்தியாரிடம் போனார்?" என்று பிள்ளைகளைக் கேட்போர் உண்டு. எல்லார்க்கும் அத்தொண்டை வாய்க்குமா?

சின்ன மௌலானா சாகிப் 1960-களில் திருவரங்கத்தில் குடியேறினார். தஞ்சை பாணியைத் தஞ்சையாருக்கே வாசித்துக் காட்டி அவர்கள் தலையசைப்பைப் பெற்றார். 1977-இல் பத்மஸ்ரீ, 1998-இல் சங்கீத கலாநிதி. அப்பட்டத்தைப் பெற்றபோது அவருக்கு வயது எழுபத்துநான்கு. அடுத்த ஆண்டு, 1999 ஏப்ரலில், மறைந்தார். அவர் தம் பெயரையோ மார்க்கத்தையோ எவருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. தியாகையரின் கீர்த்தனைகளை வாசிப்பதற்காக வெட்கப்படவும் இல்லை. திருவரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்ற பெயரில் பயிற்சிக்கூடம் நிறுவினார். அப்பெயரைக் கேட்டுப் புருவம் உயர்த்துவோர் நம்மிடையே இருக்கலாம். அவர் இதயத்தைப் பிளந்து பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை. கற்றதைப் பூட்டி வைக்காமல், தமக்குக் கிடைத்ததுபோலவே பிறர்க்கும் கிடைக்கச் செய்தார் என்பதே வரலாற்று மாணவனுக்குத் தெரியும் செய்தி.

அங்கே அவரிடம் பயின்றவர்களுள் அவர் பேரர்களான காசிமும் பாபுவும் இருந்தனர். ஆந்திரத்திலிருந்து வந்து திருவரங்கத்தில் தங்கிவிட்ட ஷேக் மெஹபூப் சுபானியும் அவர் துணைவியார் காலிஷாபியும் இருந்தனர். காலிஷாபி அம்மையார் சிறுமியாயிருந்தபோது தந்தையிடமே முதற்பாடம் கேட்டவர். பெண்ணுக்கு மூச்சு போதாது, நாதஸ்வரம் ஆணின் கருவி என்று நாட்டில் பேச்சு இருந்தது. கணவரோடு ஒரே மேடையில் அமர்ந்து, அதே பாரி நாதஸ்வரத்தில் அவர் வாசித்து வந்திருக்கிறார். 2020-ஆம் ஆண்டு அவ்விருவர்க்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. அவர்களுக்குப் பாடம் தந்தவர் சின்ன மௌலானா; அவருக்குத் தஞ்சை பாணியின் பாடம் தந்தவர்கள் நாச்சியார்கோயில் ராஜமும் துரைக்கண்ணுவும்.